எல்லா மிஷினும் ஒன்றல்ல

வெல்டிங் பட்டறைகளில் ஒரு பேச்சு நெடுங்காலமாக நிலைத்துவிட்டது. மிஷின் எதுவாக இருந்தால் என்ன, கை நன்றாக இருந்தால் போதும் என்பதே அது. முதலாளி சொல்கிறார், டூல்ஸ் கடைக்காரர் சொல்கிறார், ஐடிஐ முடித்து வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் வாரத்திலேயே பாடமாகிவிடுகிறது. பல வருடம் ஹோல்டர் பிடித்த மூத்த வெல்டர்கள்கூடப் பெருமையோடு இதைச் சொல்கிறார்கள். உழைப்பவரை உயர்த்திப் பேசுவதாகக் காதில் விழுவதால் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. ஆனால் இந்தப் பேச்சு எந்தெந்த நேரத்தில் எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். மிஷின் வாங்கப் போகும்போது, இருப்பதிலேயே மலிவான பெட்டி போதும் என்று முடிவுகட்ட உதவுகிறது. பிறகு மூட்டு விட்டுப்போனால், தப்பு வெல்டருடையது என்று தீர்ப்புச் சொல்லவும் உதவுகிறது. இரண்டு இடத்திலும் ஒரு கேள்விகூடக் கேட்கப்படாமல் தப்பிப்பவை மிஷினும் அதை விற்ற கடையும் அதைத் தயாரித்த கம்பெனியும்தான். இந்தக் கருத்து தவறு என்பதோடு, அதன் செலவைத் தொழிலாளியின் கூலியிலிருந்தும் உடம்பிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது என்பதுதான் என் வாதம்.

வெல்டரின் கையில் உண்மையில் என்னென்ன இருக்கின்றன? ராடு முனைக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி, ராடைப் பிடிக்கும் சாய்வு, நகர்த்தும் வேகம், உருகிய குழம்பைப் பார்த்து அடுத்த நொடி என்ன செய்வது என்று முடிவெடுக்கும் கண். இவை சாதாரணத் திறமைகள் அல்ல, வருடக்கணக்கில் உழைத்துச் சேர்ப்பவை. ஆனால் எவ்வளவு கரன்ட் பாய வேண்டும், அது ஒரே சீராகப் பாய வேண்டும் என்பது கையின் பொறுப்பில் இல்லை. ராடு வெல்டிங்குக்கான மிஷினை, கை ஏறி இறங்கி இடைவெளி மாறினாலும் ஆம்பியர் பெரிதாக மாறாதபடி வடிவமைக்கிறார்கள். எந்த மனிதரின் கையும் ஒரு மில்லிமீட்டர்கூட அசையாமல் நிற்காது என்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது. இந்த ஏற்பாடு பலவீனமாக உள்ள மிஷினில் சூடு ஏற ஏறக் கரன்ட் இறங்குகிறது, ராடு ஒட்டுகிறது, ஆர்க் அணைந்து அணைந்து எரிகிறது. வெல்டர் என்ன செய்வார்? வேகத்தைக் குறைத்து அதே இடத்தில் அதிக நேரம் நிற்பார். மேலே பார்த்தால் தடித்த பீடு அழகாக விழுந்திருக்கும். அடியில் இரும்போடு இரும்பு உருகிச் சேர்ந்தே இருக்காது, நடுவில் கசடு சிக்கியிருக்கும். சீவாளி பிளந்த நாயனத்தைக் கொடுத்துவிட்டு வித்வானின் மூச்சைக் குறை சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

இந்தத் தொழிலின் மேல்தட்டில் யாரும் அந்தப் பேச்சை நம்புவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். திருச்சியில் பெல் கொதிகலன் ஆலையும், அதை ஒட்டித் திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் வளர்ந்த ஃபேப்ரிகேஷன் தொழிலும் வெல்டிங்கை நம்பியே நிற்கின்றன. கொதிகலன் குழாயில் மூட்டுப் போடுபவர் தேர்வு எழுதித் தகுதி பெற்றிருக்க வேண்டும்; கை முக்கியம் என்பதை 1950-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் ஒழுங்குவிதிகளும் ஏற்கின்றன. ஆனால் அவர் ஹோல்டரைத் தொடும் முன்பே, எந்த ராடு, எத்தனை மில்லிமீட்டர், எத்தனை ஆம்பியர் முதல் எத்தனை ஆம்பியர் வரை, எந்தத் துருவம் என்று தாளில் எழுதி வைத்திருப்பார்கள். மிஷினில் காட்டும் ஆம்பியர் உண்மைதானா என்று அளவுமானி வைத்துச் சரிபார்ப்பதும் அந்த நடைமுறையின் பகுதி. நாட்டிலேயே மிகத் தேர்ந்த கைகள் உள்ள இடத்தில் மிஷினை இவ்வளவு நம்பாமல் அளந்து பார்க்கிறார்கள். கைத்திறன் குறைவாகவும் ஆய்வு இல்லாமலும் நடக்கும் சின்னப் பட்டறையில்தான் மிஷின் எதுவானாலும் பரவாயில்லை என்கிறோம். தலைகீழாக அல்லவா இருக்கிறது?

ராடின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். கனமான வேலைக்குப் பயன்படும் 7018 போன்ற குறைந்த ஹைட்ரஜன் ராடுகள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியவை. பெட்டி பிரித்துத் திறந்து கிடந்த ராடை, அதைத் தயாரித்தவர் குறித்தபடி, பெரும்பாலும் 300 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில், ஓரிரு மணி நேரம் காயவைத்தே எடுக்க வேண்டும். காயவைக்காவிட்டால் ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் மூட்டுக்குள் தங்கி, வெல்டு ஆறிப் பல மணி நேரம் கழித்து, சில சமயம் இரண்டு நாள் கழித்துக்கூட, விரிசல் விட வைக்கும். அதற்கு வேண்டியது ஓர் ஓவன். ஐப்பசி மழையில் கூரையோரம் கிடந்த ராடின் ஈரத்தை எந்தக் கையும் பிழிந்து எடுத்துவிட முடியாது. ஆனால் கை போதும் என்ற நம்பிக்கை உள்ள பட்டறையில் ஓவன் வாங்கும் செலவு வீண் செலவாகத்தான் கணக்காகும்.

இனி மிஷினின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு வருவோம். எல்லாம் ஒன்றுதான் என்ற கருத்து இங்கேதான் அதிகக் கேடு செய்கிறது. கையில் தூக்கிப் போகும் சின்ன இன்வெர்ட்டர் மிஷின்களில் 200, 250 என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதே மிஷினை வீட்டு 16 ஆம்பியர் பிளக்கில் செருகி ஓட்டலாம் என்றும் சொல்லி விற்கிறார்கள். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. ராடு வெல்டிங்குக்குச் சர்வதேசத் தரம் வைத்திருக்கும் கணக்குப்படி, ஆர்க்கின் வோல்டேஜ் என்பது 20-உடன் ஆம்பியரின் நூற்றில் நான்கு பங்கைக் கூட்டினால் வருவது. 250 ஆம்பியருக்கு அது 30 வோல்ட். ஆக வெளியே வர வேண்டிய சக்தி 7,500 வாட். 200 ஆம்பியருக்கு 28 வோல்ட், 5,600 வாட். உள்ளே வருவதோ 230 வோல்ட், 16 ஆம்பியர், அதாவது 3,680 வாட். மிஷினுக்குள் ஒரு வாட்கூட வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டாலும், இந்தச் சக்தியில் சுமார் 143 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து தர வழியில்லை. வீணாவதையும் கழித்தால் 120 வந்தால் பெரிது. கொஞ்ச நேரம் கூடுதலாக இழுக்கலாம்தான். அப்போது உருகுவது பிளக்கும் சுவரில் உள்ள வயரும். ஆகப் பெட்டியின் மேல் 250 என்று இருப்பது அளவு அல்ல. இதைக் கண்டுபிடிக்கப் பெருக்கல் தெரிந்தால் போதும். மிஷின் எல்லாம் ஒன்றுதான் என்று நம்பியவர் அந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஆம்பியர் எண் உண்மையாகவே இருந்தாலும் அது பாதிச் செய்திதான். எத்தனை நேரம் அந்த ஆம்பியரைத் தரும் என்பது மீதிப் பாதி. தரத்தகட்டில் எக்ஸ் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சதவீதமாக அது இருக்கும். டூட்டி சைக்கிள் என்பார்கள். சுற்றுப்புறச் சூடு 40 டிகிரி என்ற நிலையில், பத்து நிமிடத்தை அளவாக வைத்து, அதில் எத்தனை நிமிடம் மிஷின் எரியலாம் என்று சொல்வது அது. 60 சதவீதம் என்றால் ஆறு நிமிடம் வேலை, நான்கு நிமிடம் ஓய்வு. ஆம்பியரைக் குறைத்தால் நேரம் கூடும், அதற்கும் கணக்கு உண்டு: ஆம்பியரின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கினால் வருவது ஏறக்குறைய மாறாது. 3.15 மில்லிமீட்டர் ராடுக்கு 110 ஆம்பியர் வைத்து வேலை செய்பவரை எடுத்துக்கொள்வோம். 200 ஆம்பியர், 60 சதவீதம் என்று நேர்மையாக எழுதிய மிஷின் அவருக்கு நாள் முழுதும் நிற்காமல் ஓடும். 140 ஆம்பியர், 20 சதவீதம் உள்ள மிஷின் பத்து நிமிடத்தில் மூன்று நிமிடத்தைச் சற்றுத் தாண்டியதும் சூடேறி நின்றுவிடும். ஒரு ராடு எரிந்து முடிய ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும் என்றால், மூன்று ராடுக்கு ஒரு முறை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதுவும் 40 டிகிரியில். சித்திரை, வைகாசியில் வேலூரிலோ திருச்சியிலோ தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் சூடு அந்த நாற்பதோடு நிற்பதில்லை. பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அந்த நிற்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. மிஷின் வாங்கியபோது மிச்சம் பிடித்த பணத்தை அவர்தான் தவணை தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு வரும். கிரில் கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு செய்யும் பட்டறையில் அவ்வளவு மிஷின் எதற்கு? ஒரு டாக் வைத்து, கசடு தட்டி, அளவு பார்த்து, அடுத்த டாக் வைக்கும் வேலையில் ஆர்க் எரியும் நேரமே குறைவுதானே? உண்மை. அங்கே 2.5 மில்லிமீட்டர் ராடில் 80 ஆம்பியர் வைத்து ஓட்டினால், நான் மேலே குறை சொன்ன அதே 140 ஆம்பியர் மிஷின் 60 சதவீத நேரம் தாராளமாக உழைக்கும். அந்தப் பட்டறைக்கு அது நல்ல மிஷின்தான். விலை உயர்ந்ததை வாங்கு என்பது என் வாதமே அல்ல. எந்த வேலைக்கு எந்த மிஷின் என்று பார்க்க வேண்டும், பார்ப்பதற்குத் தகட்டில் உள்ள எண் உண்மையாக இருக்க வேண்டும் என்கிறேன். 140-ஐ 140 என்றே எழுதி விற்றால் சின்னப் பட்டறைக்காரர் சரியாகத் தேர்ந்தெடுப்பார். அதையே 250 என்று எழுதி விற்கும்போதுதான், லாரி சேசிஸுக்கு வெல்டு போடுபவரும் அதை நம்பி வாங்கிவிடுகிறார். ஒரு நல்ல மிஷின் விலைக்கு இரண்டு சல்லிசான மிஷின் வாங்கினால் ஒன்று போனாலும் இன்னொன்று இருக்குமே என்பவர்களுக்கும் இதுவே பதில். எண் உண்மையானால் அது நல்ல யோசனை. எண் பொய்யானால், வேலையைத் தாங்காத மிஷின் இரண்டு இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து வருவது பழைய காப்பர் காயில் டிரான்ஸ்ஃபார்மரின் புகழ். அந்தக் காலத்து மிஷின் இருபது வருடம் உழைத்தது, இன்வெர்ட்டர் எல்லாம் போனால் போனதுதான் என்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மருக்குக் குறைகள் உண்டு. தூக்க இரண்டு பேர் வேண்டும், மின்சாரத்தை அதிகம் குடிக்கும், உள்ளே வரும் வோல்டேஜ் 230-லிருந்து 190-க்கு இறங்கினால் வெளியே வருவதும் அதே விகிதத்தில் இறங்கும். ஹோல்டரில் ராடு சும்மா இருக்கும்போதும் 70, 80 வோல்ட் ஏசி நிற்கும். வியர்வையில் நனைந்த கையுறையோடு இரும்புத் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்பவருக்கு அது ஆளைக் கொல்லக்கூடியது. அதனால்தான் அப்படிப்பட்ட ஈரமான, நெருக்கடியான இடங்களுக்குச் சர்வதேசத் தரம் 48 வோல்ட் ஏசிக்கு மேல் அனுமதிப்பதில்லை. கைத்திறன் எவ்வளவு இருந்தாலும் இந்த ஆபத்தில் ஒரு வோல்ட்கூடக் குறையாது. இவ்வளவும் இருக்க, அந்த மிஷின் ஏன் இன்றும் மதிக்கப்படுகிறது? காயில் எரிந்தால் எந்த ஊரிலும் மோட்டார் வைண்டிங் செய்பவர் பிரித்து, செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் காயவைத்துத் திருப்பித் தந்தார். பழுதுபார்க்கும் அறிவு மிஷினோடு கம்பெனியிடமே அடைபட்டுக் கிடக்காமல் ஊருக்குள் இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரின் நீண்ட ஆயுளுக்கு அதன் எளிமை எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் அதைச் சரிசெய்ய முடிந்தது. ஆகவே அந்தப் புகழ் என் பக்கத்துச் சாட்சி. மிஷினின் தரம் என்பது வாங்கிய அன்று எப்படி எரிகிறது என்பதோடு முடிவதில்லை, எரிந்துபோன அன்று என்ன நடக்கிறது என்பதும் சேர்ந்ததுதான்.

இன்வெர்ட்டர் எரிந்துபோன அன்று என்ன நடக்கிறது? கிரைண்டரிலிருந்து பறக்கும் இரும்புத் தூளை ஃபேன் உள்ளே இழுக்கும், ஜெனரேட்டர் கரன்ட் திடீரென்று ஏறும், மழைக்கால ஈரம் போர்டில் படியும், கரன்டை வெட்டி இணைக்கும் ஐஜிபிடி ஒன்று வெடிக்கும். போர்டின் மேல் பாதுகாப்புப் பூச்சு உண்டா, காற்று போகும் வழி போர்டைத் தொடாமல் தனியே இருக்கிறதா என்பதெல்லாம் மிஷினுக்கு மிஷின் மாறும். வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே நிறத்து டப்பா. கடைக்குக் கொண்டுபோனால், சீல் பிரித்திருக்கிறது, தூசி போயிருக்கிறது, வோல்டேஜ் தவறு, வாரண்டியில் வராது என்று கைவிரிக்கிறார்கள். பெரிய கம்பெனிகளின் சர்வீஸ் மட்டும் என்ன வாழ்கிறது, ஒரு சின்னப் பாகத்துக்கு முழு போர்டையே மாற்றச் சொல்லி வாரக்கணக்கில் இழுக்கிறார்கள், பிறகு எதற்குக் கூடுதல் விலை என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு தவறானது. சர்வீஸ் மோசம் என்றால் சர்வீஸைக் கேட்டு வாங்க வேண்டும். எப்படியும் கிடைக்காது என்று விட்டுவிட்டு, சர்வீஸே இல்லாத மிஷினை வாங்குவது, ஏமாற்றுபவருக்கு அவர் கேட்காமலே மன்னிப்பு எழுதிக் கொடுப்பதாகும். உதிரிபாகம் எத்தனை வருடம் கிடைக்கும், சர்க்யூட் வரைபடம் உள்ளூர் மெக்கானிக்குக் கிடைக்குமா, எந்த ஊரில் பழுதுபார்ப்பார்கள் என்பதை விலையின் பகுதியாகவே பேச வேண்டும். நம் ஊர்களில் போர்டு அளவில் பழுதுபார்க்கத் தெரிந்த எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். வரைபடமும் பாகமும் இல்லாமல்தான் தடுமாறுகிறார்கள்.

தொழிலுக்கு வாங்கிய சாமானுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. கடைக்காரர்கள் அதைத் தைரியமாகச் சொல்கிறார்கள். தவறு. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று சட்டம் சொன்னாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்றும் விளக்கம் தந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்த விளக்கம் தொடர்கிறது. கோவை பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் வாங்கிய ஒரு மிஷினைப் பற்றி லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அந்த வழக்கில் வாங்கியவர் பெரிய அளவில் தொழில் செய்பவர் என்பதால் தோற்றார். ஆனால் அதே தீர்ப்பு, லேத் போன்ற ஒரு மிஷினை வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோரே என்றும், துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோராகவே இருப்பார் என்றும் சொல்கிறது. தன் பட்டறையில் தானே வெல்டு போடுபவருக்கு இது அப்படியே பொருந்தும். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. மிஷின் செய்த கம்பெனி வடக்கே எங்கோ இருந்தாலும், வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கெடு இரண்டு வருடம். இத்தனை வழி இருந்தும் பயன்படாமல் போவதற்கு முக்கியக் காரணம் பில் இல்லாதது. வரி மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்கியவர், சீரியல் எண் எழுதிய ஒரே சாட்சியத்தைத் தானே கைவிட்டுவிடுகிறார்.

கடைசியாக ஒரு மறுப்பு, என் பார்வையில் இதுதான் கனமானது. பெரும்பாலான வெல்டர்களுக்கு மிஷின் சொந்தமில்லை. கான்ட்ராக்டர் வாங்குகிறார், அல்லது நாள் வாடகைக்கு எடுக்கிறார். தேர்ந்தெடுக்கும் அதிகாரமே இல்லாதவரிடம் தரத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? அதிகாரம் இல்லைதான். ஆனால் கை நன்றாக இருந்தால் போதும் என்ற பேச்சு அந்த நிலைமையில்தான் மிகக் கொடுமையாக வேலை செய்கிறது. வாங்குபவர் ஒருவர், கஷ்டப்படுபவர் இன்னொருவர் என்னும்போது, மலிவாக வாங்கியதன் நஷ்டம் வாங்கியவருக்குத் தெரியாமலே போகிறது. மறுபடி போட்ட மூட்டுக்குக் கூலி பிடிக்கிறார்கள், பழுதான மிஷினை உதைத்துத் தட்டி ஓட்டச் சொல்கிறார்கள், ஷாக் அடித்தால் கவனமாக இருக்கவேண்டியதுதானே என்கிறார்கள். இங்கே வெல்டர் முதலில் செய்யக்கூடியது அந்தப் பெருமைப் பேச்சைத் தன் வாயால் சொல்ல மறுப்பதுதான். மிஷினின் குறையைக் குறை என்று சொல்வது கையாலாகாத்தனம் அல்ல. இரும்பு ஏன் சேரவில்லை என்று தெரிந்தவர்தான் அதைச் சொல்ல முடியும்.

வாங்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு: பணம் கொடுக்கும் முன், 40 டிகிரியில் 100 சதவீதத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். பழுதானால் எந்த ஊரில், யார், எத்தனை நாளில் சரிசெய்வார்கள் என்று கேளுங்கள். சீரியல் எண்ணோடு பில் கேளுங்கள். இவற்றுக்குப் பதில் சொல்லத் தெரியாத கடையில் மிஷின் வாங்காதீர்கள். அரசுக்கும் ஒரு கோரிக்கை உண்டு. பழுதுபார்க்கும் உரிமைக்கு வழிவகுக்க ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தபோது, விவசாயக் கருவிகள், கைபேசி மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. அந்த நான்கில் பட்டறைக் கருவிகள் இல்லை. ஐந்தாவதாக அவற்றையும் சேர்க்க வேண்டும்.